புது ரேம் போட்டதும் திரை கறுப்பா? திருப்பிக் கொடுக்கும் முன் சிப்பை எண்ணிப் பாருங்கள்

பழைய டெஸ்க்டாப்பில் ரேமைக் கூட்டியதும் விசிறி சுற்றும், திரையில் ஒன்றும் வராது. இல்லையென்றால் 8 ஜிபி மாட்டியும் 4 ஜிபிதான் காட்டும். உடனே "ஸ்டிக் கெட்டது" என்று முடிவு கட்டிவிடுகிறோம். பெரும்பாலும் ஸ்டிக் நன்றாகவே இருக்கும். சரியாக உட்காராததோ, அந்த மதர்போர்டுக்குப் புரியாத சிப் அமைப்போதான் சிக்கல்.

முதலில் மின்சாரம். சுவிட்சை அணைத்தால் போதாது, பவர் கார்டையே உருவிவிட்டு, பவர் பட்டனைப் பத்து விநாடி அழுத்திப் பிடியுங்கள். சில போர்டுகளில் ஒரு சின்ன எல்இடி எரியும்; 5 வோல்ட் ஸ்டாண்ட்பை மின்சாரம் இன்னும் இருக்கிறது என்று அர்த்தம். அது அணையும்வரை ரேமைத் தொடக்கூடாது. கேபினெட்டின் பெயின்ட் இல்லாத உலோகப் பகுதியைத் தொட்டுவிட்டு வேலையை ஆரம்பியுங்கள்.

புதியதை எடுத்துவிட்டுப் பழையதை மட்டும் அதன் பழைய ஸ்லாட்டில் போட்டு ஓட்டிப் பாருங்கள். அதுவும் ஓடவில்லையென்றால், ரேமைப் பழி சொல்வதற்கு முன் கை பட்டு எந்தக் கேபிள் தளர்ந்தது என்று தேடுங்கள். ப்ராசஸருக்குப் போகும் 4 அல்லது 8 பின் பவர் கேபிளை முதலில் பாருங்கள். பழையது ஓடினால் அதைக் கழற்றி, அதே ஸ்லாட்டில் புதியதை மட்டும் போடுங்கள். இரண்டையும் சேர்த்துப் போடுவது கடைசியில்தான்.

மாட்டிய பிறகு பக்கவாட்டில் குனிந்து பாருங்கள். தங்க நிறப் பற்கள் இரு முனையிலும் ஒரே அளவு ஸ்லாட்டுக்குள் மறைந்திருக்க வேண்டும். ஒரு முனையில் மெல்லிய தங்கக் கோடு தெரிந்தால் ஸ்டிக் உட்காரவில்லை. ஒரு பக்கம் மட்டும் கிளிப் உள்ள போர்டுகளில், கிளிப் இல்லாத முனை அடிக்கடி ஏமாற்றும்; 'க்ளிக்' சத்தம் மறுமுனையில் கேட்டுவிடும், இங்கே அரை மில்லிமீட்டர் தூக்கியே நிற்கும். பற்கள் மங்கியிருந்தால் மென்மையான வெள்ளை ரப்பரால் லேசாகத் தேய்த்து, துகளை ஊதி, ஐசோப்ரோப்பைல் ஆல்கஹால் தொட்ட துணியால் துடையுங்கள். தூசி படிந்த ஸ்லாட்டை புளோயரால் ஊதினால் போதும், குச்சி விட்டுக் குடையாதீர்கள்.

ரேமின் அடுத்தடுத்த தலைமுறைகளான டிடிஆர்2, டிடிஆர்3 இரண்டுக்கும் 240 பின்தான், ஆனால் நடுவே உள்ள வெட்டு வேறு இடத்தில் இருக்கும். டிடிஆர்2-க்கு 1.8 வோல்ட், டிடிஆர்3-க்கு 1.5. உள்ளே போக மறுக்கும் ஸ்டிக்கை அழுத்தி ஏற்றினால் ஸ்லாட்தான் உடையும்.

இப்போது சிப்புக்கு வருவோம். 'இந்தப் போர்டு 8 ஜிபி தாங்கும்' என்ற வரி பாதி உண்மைதான். ஸ்டிக்கின் மேல் ஒட்டியிருக்கும் சின்னக் கறுப்புச் சிப் ஒவ்வொன்றும் எத்தனை ஜிகாபிட் (8 ஜிகாபிட் சேர்ந்தால் 1 ஜிபி) என்பதற்கும், ரேமோடு பேசும் மெமரி கன்ட்ரோலரில் வரம்பு உண்டு. பழைய போர்டுகளில் ரேமைக் கட்டுப்படுத்தும் இன்டெல் ஜி41 சிப்செட் 2 ஜிகாபிட் சிப் வரைதான் ஏற்கும். ஆகவே அதில் 4 ஜிபி ஸ்டிக் என்றால் இருபுறமும் எட்டெட்டாக 16 சிப் இருக்க வேண்டும். எட்டே சிப் உள்ள 4 ஜிபி ஸ்டிக் 4 ஜிகாபிட் சிப்பால் ஆனது; புதிய போர்டில் அருமையாக ஓடும், இங்கே ஓடாது. இரண்டாம், மூன்றாம் தலைமுறை கோர் ப்ராசஸர்களிலும் இதே கதைதான்: வரம்பு 4 ஜிகாபிட். 8 ஜிபி டிடிஆர்3 ஸ்டிக்கில் 16 சிப் இருக்கிறதா என்று பார்த்தே வாங்குங்கள். லேபிளில் '2ஆர்×8' என்றிருந்தால் இரு வரிசை, அதாவது 16 சிப். '1ஆர்×8' என்றால் 8 சிப்.

எண்ணினாலும் பிடிபடாத ஒன்று உண்டு. 'ஏஎம்டிக்கு மட்டும்' என்று மலிவாக வரும் 4 ஜிபி டிடிஆர்2 ஸ்டிக்குகளிலும் 16 சிப்தான். ஆனால் அவை 4 பிட் அகலச் சிப்கள், இன்டெல் சிப்செட்டுக்கு அந்த முகவரி அமைப்பு புரியாது. சர்வர்களிலிருந்து கழற்றிய ரெஜிஸ்டர்டு ரேமும் சாதாரண டெஸ்க்டாப்பில் ஓடாது.

சிப் பொருத்தமாக இருந்தும் திரை வரவில்லையென்றால் பயோஸை, அதாவது கணினியைத் தொடக்கி வைக்கும் போர்டு மென்பொருளை, அதன் பழைய அமைப்புகளை மறக்கச் செய்யுங்கள். பவர் கார்டு இல்லாத நிலையில் சிஆர்2032 பேட்டரியைக் கழற்றி ஐந்து நிமிடம் விட்டுத் திரும்பப் போட வேண்டும், அவ்வளவே. பழைய பேட்டரியாக இருந்தால் இதே சாக்கில் மாற்றிவிடலாம்.

கணினி ஓடுகிறது, அளவுதான் குறைகிறது என்றால் விஷயம் வேறு. 32 பிட் விண்டோஸில் 4 ஜிபிக்கு மேல் பயன் இல்லை. அந்த நாலிலும் ஒரு பகுதியின் முகவரியைக் கிராஃபிக்ஸ் போன்ற சாதனங்கள் பிடித்துக்கொள்வதால் 3.25 போலத்தான் தெரியும். 64 பிட்டிலும் குறைந்தால் பயோஸில் 'மெமரி ரீமேப்' இயக்கத்தில் இருக்கிறதா, விண்டோஸின் எம்எஸ்கான்ஃபிக் கருவியில் பூட் பகுதியின் கூடுதல் அமைப்புகளில் 'மேக்ஸிமம் மெமரி' டிக் ஆகியிருக்கிறதா என்று பாருங்கள். டிக் இருந்தால் எடுத்துவிடுங்கள்.

ரேமின் முழு அளவும் காட்டியும் நீலத்திரை விழுந்தால், ரேமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்86+ஐப் பென்டிரைவில் ஏற்றி, ஒரு நேரத்தில் ஒரே ஸ்டிக்காக, இரவு முழுக்க ஓட விடுங்கள். ஒரு பிழைகூட ஏற்கத்தக்கதல்ல. பிழை ஸ்டிக்கோடு இடம் மாறினால் ஸ்டிக் கெட்டது, அப்போது தைரியமாகத் திருப்பிக் கொடுக்கலாம். எந்த ஸ்டிக்கைப் போட்டாலும் ஒரே ஸ்லாட்டில் வந்தால் ஸ்லாட்டையும், ப்ராசஸர் சாக்கெட்டில் வளைந்த பின்னையும் சந்தேகியுங்கள். தனித்தனியே சுத்தமாக ஓடி, சேர்ந்தால் மட்டும் பிழை காட்டினால், பயோஸில் வேகத்தை ஒரு படி, 1333-லிருந்து 1066-க்கு இறக்கி மறுபடி சோதியுங்கள்.