ஒரிஜினல் கையில் இருந்தால் போதுமா?

துபாயில் வந்து இறங்கும் நம்ம திருநெல்வேலிப் பக்கத்துப் பிள்ளைகள் முதல் வாரத்திலேயே கேட்பது இதைத்தான்: "அண்ணாச்சி, சர்டிபிகேட் ஒரிஜினல்தான வச்சிருக்கேன், பொறவு என்ன?"

ஒரிஜினலாக இருந்தால் மட்டும் பேப்பர் செல்லாது. யார் கேட்கிறார்கள், எதற்குக் கேட்கிறார்கள், தேதி மிச்சம் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்துப் பட்டத்தை அபிஷேகப்பட்டியில் யாரும் சந்தேகப்படப் போவதில்லை. துபாய் அதிகாரிக்கு அந்தக் கையெழுத்து யாருடையது என்று எப்படித் தெரியும்? அதனால் முதலில் மாநில அரசு சரிபார்க்கும், அடுத்து இந்திய வெளியுறவு அமைச்சகம், பிறகு அமீரகத் தூதரகம், கடைசியில் இங்குள்ள வெளியுறவு அமைச்சகம். ஒவ்வொருவரும் முந்தினவர் முத்திரைக்குத்தான் சாட்சி. பாளையங்கோட்டை கோர்ட் பக்கம் நோட்டரி போட்டு வாங்கிய ஜெராக்ஸ் இதற்கு உதவாது. ஓமன், பஹ்ரைன் போகிறவர்களுக்குத் தூதரகப் படி கிடையாது. வெளியுறவு அமைச்சகத்தின் அப்போஸ்டில் போதும்; ஒப்பந்தத்தில் சேர்ந்த நாடுகள் தங்களுக்குள் ஏற்றுக்கொள்ளும் சான்று முத்திரை அது. இந்தியாவில் அது 2005 முதல் நடப்பில் இருக்கிறது.

மார்க் ஷீட்டில் ஒற்றை இனிஷியல், பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் முழுசாக. நம்மாட்களுக்கு இதில்தான் தலைவலி. இரண்டையும் கிளம்பும் முன்பே ஒத்துப் பாருங்கள். பாஸ்போர்ட் ஆறு மாதத்துக்குள் முடிகிறதென்றால், அது காலாவதி ஆன மாதிரிதான்.

ஊர் லைசென்ஸோடு குடியிருப்பு விசாக்காரர் இங்கே வண்டி எடுக்க முடியாது. ஊரில் உள்ள சாதா சேமிப்புக் கணக்கையும் என்ஆர்ஓவாக, அதாவது வெளிநாட்டில் வசிக்கிறவர்களுக்கான ரூபாய்க் கணக்காக, மாற்றச் சொல்லிவிடுங்கள்.

அதிகம் சிக்குவது பவர் பத்திரத்தில். நாங்குநேரியில் அப்பா வழி நிலம், விற்க அண்ணனுக்குப் பவர் கொடுக்க வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். இந்தியத் தூதரகத்தில் அதிகாரி முன்னால் கையெழுத்துப் போட்டு அனுப்பிவிட்டால் வேலை முடிந்தது என்று நினைக்கிறார்கள். அது ஊர் போய்ச் சேர்ந்த மூன்று மாதத்துக்குள் முத்திரைத் தீர்வை கட்டியாக வேண்டும். பீரோவில் தூங்கினால், உங்கள் கையெழுத்து எவ்வளவு நிஜமானாலும் பத்திரப்பதிவில் இழுபறிதான். பராமரிக்க என்று எழுதிய பவரை வைத்து விற்கவும் முடியாது. பவர் கொடுத்தவர் இறந்துவிட்டால் பொதுவாகப் பவரும் போச்சு. அதனால் நீங்கள் உயிரோடு இருப்பதற்குச் சான்று கேட்டால் கோபப்படாதீர்கள்.

எழுதும்போதே சர்வே நம்பரையும் விற்கும் உரிமையையும் தெளிவாகப் போடச் சொல்லுங்கள். கூரியர் ரசீதைப் பத்திரமாக வையுங்கள். மூன்று மாதக் கணக்குக்கு அதைத்தான் காட்ட வேண்டியிருக்கும்.