ஓட்டையை நம்பிக் கெட்ட சிலிண்டர்

பொங்கல் சமயத்தில் பக்கத்துத் தெருப் பையன் ஒருவன் பனியன் துணியில் சுற்றி ஒரு சிலிண்டரைக் கொண்டுவந்தான். ஆறு மாதமாக மாடல் ஸ்டீம் இன்ஜின் ஒன்று செய்துகொண்டிருக்கிறான். "அண்ணா, உள்ளே விரல் விட்டுப் பாருங்க, கண்ணாடி மாதிரி வந்திருக்கு" என்றான். விட்டுப் பார்த்தேன். வழவழவென்றுதான் இருந்தது. அப்புறம் திருப்பி முனையைப் பார்த்தேன். ஒரு பக்கச் சுவர் 4 மி.மீ., எதிர்ப்பக்கம் 2 மி.மீ. கூட இல்லை. உடனே ஒன்றும் சொல்ல மனம் வரவில்லை. உள்ளே போய் இரண்டு டீ போடச் சொன்னேன். என் முதல் இன்ஜினில் நான் செய்ததும் இதே தப்புதான். இதே பெருமையோடு நானும் ஊரெல்லாம் காட்டியிருக்கிறேன்.

லேத்தில் (கடைசல் இயந்திரம்) பொருளைப் பிடிக்கும் சக்கிலேயே சக் சாவியை விட்டுவிட்டு லேத்தைப் போடாதீர்கள், கண்ணாடி மாட்டுங்கள் என்பதையெல்லாம் இங்கே எழுதப் போவதில்லை. அது எந்தப் பட்டறையிலும் முதல் நாளே திட்டு வாங்கித் தெரிந்துகொள்ளும் விஷயம். நான் சொல்ல வந்தது, நன்றாகக் கடையத் தெரிந்தவர்களே காஸ்டிங் கிட்டில், அதாவது வார்த்த பாகங்களாக வாங்கி நாமே கடைந்து சேர்க்கும் இன்ஜினில், செய்கிற தப்புகளை.

புதிதாக வருகிறவர்கள் பெரும்பாலும் கையில் எடுப்பது இங்கிலாந்தின் ஸ்டூவர்ட் 10வி, அல்லது அந்த அளவிலுள்ள வேறொன்று. ஒற்றைச் சிலிண்டர், நிற்கும் இன்ஜின். போர் (சிலிண்டரின் உள்விட்டம்) முக்கால் அங்குலம், ஸ்ட்ரோக்கும் (பிஸ்டன் ஓடும் தூரம்) முக்கால் அங்குலம். பட்டறைக் கணக்கில் ஆறு நூல். ஃபிளைவீல் 3 அங்குலம். உள்ளங்கையில் நிற்கும். சின்னதாக இருப்பதால் எளிது என்று நினைத்துவிடுகிறார்கள்.

கோர் ஓட்டையை மையமாக எடுப்பது

சிலிண்டர் காஸ்டிங்கில் பெரும்பாலும் வார்க்கும்போதே விட்ட ஓட்டை முன்பே இருக்கும், அதுதான் கோர் ஓட்டை. அதை நாலு ஜா சக்கில் மாட்டி, ஆட்டத்தை அளக்கும் டயல் வைத்து, ஓட்டை ஆடாமல் ஓடும்வரை திருகித் திருகி நேர்ப்படுத்தி, போர் செய்வார்கள், அதாவது உள்ளே கடைந்து அளவுக்குக் கொண்டுவருவார்கள். நானும் அப்படித்தான் செய்தேன். அரை மணி நேரம் மூச்சைப் பிடித்துக்கொண்டு டயல் முள்ளை அடக்கினேன். அவ்வளவு கவனத்தையும் தப்பான இடத்தில் கொட்டியிருக்கிறேன் என்பது மூன்று வாரம் கழித்துத்தான் தெரிந்தது.

அந்த ஓட்டை எப்படி வந்தது என்று ஒரு நிமிடம் யோசித்திருந்தால் போதும். அச்சுக்குள் ஓட்டை வர வேண்டிய இடத்தில் 'கோர்' என்ற மணல் உருளையை வைத்து உருக்கிய இரும்பை ஊற்றுகிறார்கள். மணல் இரும்பைவிட இலேசு. ஊற்றும்போது கோர் மிதக்கப் பார்க்கும், கொஞ்சம் நகரும், சாயும். 1 மி.மீ. நகர்ந்தால் பெரிய பம்பு காஸ்டிங்கில் யாரும் கவனிக்க மாட்டார்கள். ஆறு நூல் சிலிண்டரில் அதுவே சுவரில் கால்வாசி. ஆக, அந்த ஓட்டை உலோகத்தை மிச்சப்படுத்த விட்ட காலியிடம். அதை மையம் என்று நினைத்தால் கதை முடிந்தது.

இதில் எரிச்சலூட்டுவது, தப்பு உடனே தெரியாது என்பதுதான். போர் சுத்தமாக வரும். முனைகளைக் கடைவீர்கள், வால்வ் உட்காரும் முகத்தைச் சமன் செய்வீர்கள், மூன்று போர்ட்டையும் (ஸ்டீம் போய்வரும் வாய்கள்) வெட்டுவீர்கள். எல்லாம் படத்தில் உள்ளபடி. கடைசியில் முனையிலிருந்து போர்ட்டுக்கு ஸ்டீம் போகும் வழியைத் துளைக்கும்போதுதான் அந்த ஓட்டையின் குணம் தெரியும். என் கோர் போர்ட் பக்கமாக நகர்ந்திருந்தது. டிரில் பாதி இறங்கியதும் ஒரு சின்ன உதறல், 'டக்' என்று. டார்ச் அடித்து உள்ளே பார்த்தேன். நான் அவ்வளவு அழகாகக் கடைந்த சுவரில், பிஸ்டன் ஓடுகிற இடத்தில், டிரில் முனை பளபளத்தது.

பித்தளைச் செருகு அடித்துப் பார்த்தேன். வார்ப்பிரும்பில் ஈயம் பற்ற வைத்துப் பார்த்தேன், பற்றவில்லை. ஸ்லீவ் (உள்ளே செருகும் குழல்) போடலாம் என்றால் எதிர்ப்பக்கம் உலோகம் மிச்சம் இருந்தது, இந்தப் பக்கம் இல்லை. புதுக் காஸ்டிங் வரவழைத்தேன். அதன் விலையை விட அனுப்பும் கூலியும் கஸ்டம்ஸும் அதிகம். நாலு மாதம் இன்ஜின் டப்பாவில் கிடந்தது.

செய்ய வேண்டியது இவ்வளவுதான். லேத் பக்கமே போகாமல் முதலில் மேஜையில் உட்காருங்கள். ஓட்டைக்குள் ஒரு மரக்கட்டையைச் சீவி அடித்து, முனையோடு சமமாக வெட்டுங்கள். காஸ்டிங்கில் சுண்ணாம்பு பூசுங்கள். வெளி உருளையிலிருந்தும், ஃபிளாஞ்சிலிருந்தும் (முனையில் உள்ள அகல விளிம்பு), போர்ட் முகத்திலிருந்தும் அளந்து மரத்தின் மேல் மையம் போடுங்கள். மூன்றும் ஒரே புள்ளியில் சேராது, ஒருநாளும் சேர்ந்ததில்லை. போர்ட் பக்கத்துக்கு முன்னுரிமை கொடுத்துச் சமாதானம் செய்யுங்கள். அந்தப் புள்ளியிலிருந்து முடிந்த போர் அளவுக்கு ஒரு வட்டம் கீறுங்கள். கோர் ஓட்டை முழுதும் அந்த வட்டத்துக்குள் விழுகிறதா, சுற்றிலும் வெட்ட உலோகம் இருக்கிறதா? இன்னொரு முனையிலும் இதையே செய்யுங்கள். பிறகு கீறிய வட்டம் ஆடாமல் ஓடும்படி சக்கில் பிடியுங்கள். மரத்தைத் தட்டி எடுத்துவிட்டு போர் செய்யத் தொடங்கினால் கோர் ஓட்டை கண்முன் தள்ளாடும். தள்ளாடட்டும், அதுதான் சரி.

அப்போது டூல் ஒரு பக்கம் ஆழமாகவும் ஒரு பக்கம் காற்றிலும் வெட்டும், போரிங் பார் வளையும். ஆகவே சிறு சிறு வெட்டு. கடைசியில் வெட்டின் ஆழத்தை மாற்றாமல் அதே அளவில் இரண்டு மூன்று தடவை ஓட்டுங்கள். ரீமர் (ஓட்டையைக் கடைசி அளவுக்குச் சீவும் டூல்) போட்டு நேராக்கிவிடலாம் என்று நினைக்காதீர்கள். ரீமர் இருக்கிற ஓட்டையைப் பின்பற்றிப் போகும், அளவையும் வழவழப்பையும் தரும், கோணலைத் திருத்தாது. போர் செய்த அதே பிடியிலேயே ஒரு முனையையும் கடைந்துவிடுங்கள். அடுத்த முனைக்கு மாண்ட்ரல், அதாவது போருக்குள் இறுக்கமாகச் செருகிப் பிடிக்கும் தண்டு.

தோலைத் தடவுவது

வார்ப்பின் மேல் தோல் மணல் ஒட்டிய, கடினமான தோல். பயந்து பயந்து 0.1 மி.மீ. எடுத்தால் டூல் தோலிலேயே உரசி மழுங்கும். முதல் வெட்டிலேயே தோலுக்கு அடியில் இறங்குங்கள், மிச்சம் வெட்ட இடம் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு. கூலன்ட் வேண்டாம், உலர்ந்தே வெட்டும். ஆனால் வெட்டும்போது வரும் கருந்தூள் லேத்தின் பெட்டில் உள்ள எண்ணெயோடு சேர்ந்தால் அரைக்கும் பசைதான். வேலை முடிந்ததும் அன்றைக்கே துடைத்துவிடுங்கள்.

ஃபிளைவீல் ஆட்டம்

வெளி விளிம்பு துல்லியமாக ஓடும், ஆனாலும் சக்கரம் ஆடுவதுபோலவே தெரியும். காரணம், விளிம்பின் உட்பக்கமும் ஆரங்களும் கடையாமல் வார்த்தபடியே இருக்கும், கண் அங்கேதான் போகும். ஆகவே சக்கில் பிடிக்கும்போது அந்தக் கடையாத உள்விளிம்பு ஆடாமல் பாருங்கள். வெளிப்பக்கத்தில் கொஞ்சம் கூடக்குறைய வெட்டினால் யாருக்கும் தெரியாது. நடு ஓட்டையும் விளிம்பும் ஒரே பிடியில் முடிய வேண்டும்.

7 பி.ஏ.வும் எம் 2.5-உம் ஒன்றல்ல

முதலாவது பழைய பிரிட்டிஷ் திருகு அளவு, இரண்டாவது மெட்ரிக். இரண்டும் 2.5 மி.மீ. விட்டம்தான். 7 பி.ஏ.வின் பிட்ச் (புரிகளின் இடைவெளி) 0.48 மி.மீ., எம் 2.5-இன் பிட்ச் 0.45. நட்டு இரண்டு சுற்றுப் போகும், 'சரி, போகிறதே' என்று தோன்றும், அப்புறம் இறுகும். ஸ்பானரால் அமுக்கினால் ஸ்டட் முறியும், முறிந்த துண்டு சிலிண்டருக்குள் இருக்கும். மாற்றுவதானால் ஸ்டட், நட்டு எல்லாவற்றையும் மாற்றுங்கள்.

மூடி ஓட்டைகள்

தனித்தனியாக அளந்து போடாதீர்கள். மூடியை வைத்தே சிலிண்டரில் குறியுங்கள்.

பிஸ்டன்

பிஸ்டன் ராடில் மாட்டிய பிறகு கடைசி அளவுக்குக் கடையுங்கள்.

பெயிண்ட்

சேரும் முகங்களில் வேண்டாம்.

இறுக்கத்தை ஓட்டி ஓட்டித் தீர்ப்பது

அசெம்பிள் செய்ததும் ஓரிடத்தில் பிடிக்கும். உடனே லேத்தில் மாட்டி, எண்ணெய் ஊற்றி, இரண்டு மணி நேரம் சுற்றவிட்டு 'பழகிக்கும்' என்பார்கள். பழகாது, தேயும், அதுவும் தேயக் கூடாத இடத்தில். எங்கே பிடிக்கிறது என்று தேடுங்கள். ஒவ்வொரு போல்ட்டாக இளக்கிக் கையால் சுற்றிப் பாருங்கள். மெயின் பேரிங் மூடியை இளக்கினால் இலேசாகிறதா, ஷாஃப்ட்டைப் பாருங்கள். சிலிண்டரின் போல்ட்டை இளக்கினால் இலேசாகிறதா, போரும் கீழ்முனையும் ஒன்றுக்கொன்று செங்குத்தாக இல்லை. முன்னே சொன்ன ஒரே பிடியை விட்டுவிட்டிருக்கிறீர்கள்.

பிஸ்டன் ராடைச் சுற்றி ஸ்டீம் கசியாமல் திணிக்கும் நூலை, அதாவது கிளாண்ட் பேக்கிங்கையும், கழற்றிவிட்டுச் சோதியுங்கள். ஒருமுறை ஒரு முழு ஞாயிற்றுக்கிழமை கிராங்க்கைச் சந்தேகப்பட்டு உட்கார்ந்திருந்தேன். இரண்டு சுற்று நூல் கூடுதலாகத் திணித்திருந்தேன், அவ்வளவுதான்.

பையன் நேற்று மாலை புதுக் காஸ்டிங்கோடு வந்தான். இந்த முறை போர் செய்யவில்லை. ஓட்டைக்குள் பழைய துடைப்பக் கட்டையைச் சீவி அடித்து, பால்பாயிண்ட் பேனாவால் மையம் குறித்திருந்தான். பேனாவை வாங்கி வைத்துக்கொண்டு கோடு கீறும் ஸ்கிரைபரைக் கொடுத்தேன்.