எம்.எஸ். சிறப்புப் பிரிவுக்குச் செல்வோர் எப்படித் தயாராக வேண்டும்?

மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ், சுருக்கமாக எம்.எஸ்., இருக்கலாம் என்று நரம்பியல் மருத்துவர் சந்தேகித்து, அந்நோய்க்கென்றே இயங்கும் சிறப்புப் பிரிவுக்குப் பரிந்துரைக் கடிதம் கொடுத்த பிறகு, பலர் சந்திப்பு நாள் வரும் வரை சும்மா காத்திருக்கிறார்கள். அந்த இடைவெளியில் செய்ய வேண்டிய வேலை ஒன்று இருக்கிறது. அதை நோயாளியைத் தவிர வேறு எவராலும் செய்ய முடியாது.

இந்நோயில் உடலின் நோயெதிர்ப்பு மண்டலமே மூளை, தண்டுவடம், பார்வை நரம்பு ஆகியவற்றிலுள்ள நரம்பிழைகளைப் போர்த்தியிருக்கும் மயலின் எனப்படும் உறையைத் தாக்குகிறது. தாக்குதல் ஒரே இடத்தில் நிற்பதில்லை; ஒரே முறையோடு முடிவதும் அரிது. ஆகவே 2001-இல் வகுக்கப்பட்டு, பின்னர் பலமுறை திருத்தப்பட்ட மெக்டொனால்டு அளவுகோல்கள் என்ற நோயறிதல் விதிகள், பாதிப்பு நரம்பு மண்டலத்தின் பல இடங்களில், பல காலங்களில் நிகழ்ந்திருப்பதற்கான சான்றையே நீண்டகாலம் அடிப்படையாகக் கொண்டிருந்தன; 2024 திருத்தத்தில் காலச் சான்று எல்லோருக்கும் கட்டாயமில்லை என்றாலும், அது இன்றும் உதவும். இடத்தைக் காட்ட எம்.ஆர்.ஐ. ஸ்கேன் இருக்கிறது. காலத்துக்கு ஸ்கேனும் தண்டுவட நீர்ப் பரிசோதனையும் ஓரளவு உதவும் என்றாலும், பெரும்பகுதி நோயாளியின் நினைவில்தான் கிடக்கிறது.

எனவே முதலில் ஒரு காலவரிசையை எழுதுங்கள். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு கண்ணில் மட்டும் பார்வை மங்கி, கண்ணை அசைத்தபோது வலித்து, சிவப்பு நிறம் வெளிறித் தெரிந்து, சில வாரங்களில் தானாகவே சரியாகியிருக்கலாம். தலையைக் குனிந்தபோது முதுகுத்தண்டின் வழியே மின்சாரம் பாய்வது போன்ற உணர்வு வந்து போயிருக்கலாம். இடுப்புக்குக் கீழே ஒரு பக்கம் பல நாள் மரத்துப் போயிருக்கலாம். களைப்பு, கழுத்துச் சுளுக்கு என்று அப்போது ஒதுக்கிவிட்ட இத்தகைய நிகழ்வுகளே நோயின் முதல் அத்தியாயமாக இருக்கக்கூடும். ஒவ்வொன்றுக்கும் அது எந்த மாதம் தொடங்கியது, உச்சத்தை அடைய எத்தனை நாள் ஆனது, எவ்வளவு காலம் நீடித்தது, முழுமையாகக் குணமானதா அல்லது ஏதேனும் மிச்சம் இருக்கிறதா என்பதைக் குறியுங்கள். சரியான தேதி நினைவில்லை என்றால், திருமணத்துக்கு முன்பா பின்பா, எந்த வேலையில் இருந்தபோது என்று குறித்தாலும் போதும்.

அப்போது காய்ச்சலோ சிறுநீர்த் தொற்றோ இருந்ததா என்பதையும் தவறாமல் எழுத வேண்டும். புதிய அறிகுறி குறைந்தது 24 மணி நேரமாவது நீடித்து, அதற்குக் காய்ச்சலோ தொற்றோ காரணமாக இல்லாவிட்டால்தான் மருத்துவர்கள் அதை உண்மையான மறுதாக்கமாக, அதாவது நோயின் புதிய தாக்குதலாக, கொள்வார்கள். உடல் சூடேறும்போது, முன்பே சேதமடைந்த நரம்பிழைகளில் சைகைகள் தடுமாறிப் பழைய அறிகுறிகள் தற்காலிகமாகத் தலைகாட்டுவதுண்டு. ஊட்ஹாஃப் விளைவு எனப்படும் இது புதிய தாக்குதல் அன்று. இந்த வேறுபாடு தெரியாமல் ஒவ்வொரு முறையும் ஸ்டீராய்டு எடுத்துக்கொள்பவர்கள் பக்க விளைவுகளை மட்டுமே சம்பாதிக்கிறார்கள். உண்மையான மறுதாக்கத்திலும்கூட ஸ்டீராய்டு குணமாவதைத் துரிதப்படுத்துமே தவிர, நோயின் நீண்டகாலப் போக்கை மாற்றுவதாகத் தெரியவில்லை.

அடுத்தது ஸ்கேன்கள். அறிக்கைத் தாள் மட்டும் போதாது. படங்கள் அடங்கிய குறுந்தகட்டையும் கேட்டு வாங்குங்கள், பழையவை உட்பட. சிறப்பு மருத்துவர் புதிய படத்தைப் பழைய படத்தின் அருகில் வைத்து, எந்தப் புண் புதிது, எது பெரிதாகியிருக்கிறது என்று தாமே பார்ப்பார். முடிந்தவரை ஒரே இடத்தில், ஒரே முறையில் ஸ்கேன் எடுத்துக்கொண்டால் இந்த ஒப்பீடு நம்பகமாக இருக்கும். தண்டுவட நீர்ப் பரிசோதனை முடிவுகளையும், எம்.எஸ். போலவே தோன்றும் வேறு நோய்களைக் காட்டும் அக்வாபோரின்-4, மாக் ஆகிய எதிர்ப்பொருள்களுக்கான இரத்தப் பரிசோதனை செய்யப்பட்டிருந்தால் அதையும் கொண்டு செல்லுங்கள். அக்வாபோரின்-4 எதிர்ப்பொருளால் வரும் நோய் பல காலம் எம்.எஸ். என்றே எண்ணப்பட்டது, அந்த எதிர்ப்பொருள் 2004-இல்தான் கண்டறியப்பட்டது. எம்.எஸ்.க்குக் கொடுக்கப்படும் சில மருந்துகள் அந்நோயை மோசமாக்கும் என்பதால், பெயரைச் சரியாகச் சூட்டுவதே சிறப்புப் பிரிவின் தலையாய பணி என்பேன். முன்பு வைக்கப்பட்ட பெயர் அங்கே மாற்றப்பட்டால் அதிர்ச்சி அடைய வேண்டியதில்லை.

சந்திப்பு நாளில் அளவீடுகள் பல நடக்கும். 25 அடி தூரத்தை எத்தனை விநாடியில் நடக்கிறீர்கள், ஒன்பது துளைகளில் சிறு குச்சிகளை எவ்வளவு வேகமாகச் செருகி எடுக்கிறீர்கள், குறியீடுகளுக்கு உரிய எண்களை 90 விநாடிக்குள் எத்தனை சொல்கிறீர்கள் என்றெல்லாம் பார்ப்பார்கள். இவை தேர்வுகள் அல்ல; இன்றைய உங்களை அடுத்த ஆண்டின் உங்களோடு ஒப்பிடுவதற்கான தொடக்க அளவுகள். ஆதலால் நன்றாகச் செய்ய வேண்டுமென்று முந்தைய நாள் வீட்டில் பயிற்சி செய்து பார்ப்பதில் பயனில்லை. இவற்றோடு, உடல் இயலாமையின் அளவைக் காட்டும் இ.டி.எஸ்.எஸ். என்ற 0 முதல் 10 வரையிலான மதிப்பெண்ணும் பதிவாகும். நரம்பியல் மருத்துவர் கர்ட்ஸ்கி 1983-இல் வெளியிட்ட இந்த அளவுகோல், நடுப்பகுதியிலிருந்து பெரிதும் நடக்கும் திறனையே சார்ந்திருப்பதால், நன்றாக நடப்பவரின் நினைவுத் தடுமாற்றமும் கடுமையான சோர்வும் அதில் சரியாகப் பிரதிபலிப்பதில்லை. அவற்றை நீங்களாகவே சொல்ல வேண்டும். சிறுநீரை அடக்க முடியாமை, மலச்சிக்கல், பாலுறவுச் சிக்கல், மனச்சோர்வு ஆகியவற்றைக் கூச்சத்தால் மறைப்பவர்கள் ஏராளம்; இவை அந்த அறையில் தினமும் பேசப்படும் விஷயங்கள்தாம், பெரும்பாலானவற்றுக்குச் சிகிச்சையும் உண்டு.

மருந்தைத் தேர்ந்தெடுக்கும் பேச்சு அன்றைக்கோ அடுத்த முறையோ வரும். 1993-இல் அமெரிக்காவில் முதல் இன்டர்ஃபெரான் ஊசிக்கு ஒப்புதல் கிடைத்ததிலிருந்து ஊசி, மாத்திரை, நரம்புவழி மருந்து என்று தெரிவுகள் பெருகியிருக்கின்றன. மென்மையான மருந்தில் தொடங்கிப் படிப்படியாக உயர்த்துவது ஒரு வழி. ஆரம்பத்திலேயே வீரியமிக்க மருந்தைக் கொடுப்பது மற்றொரு வழி. எதைப் பரிந்துரைத்தாலும், இம்மருந்து எனக்குப் பலிக்கிறதா என்பதை எதைக் கொண்டு, எப்போது முடிவு செய்வீர்கள் என்று கேளுங்கள். நடாலிசுமாப் போன்ற மருந்துகளில் ஜே.சி. வைரஸால் வரும் ஆபத்தான மூளைத் தொற்றுக்கு வாய்ப்பிருப்பதால் அதற்கான இரத்தப் பரிசோதனை தேவைப்படும். தடுப்பூசிகளை மருந்து தொடங்குமுன் முடிப்பது நல்லது. குழந்தை பெறும் எண்ணம் இருந்தால், தொலைவில் இருந்தாலும் சரி, முதல் சந்திப்பிலேயே சொல்லிவிட வேண்டும். சில மருந்துகளை அதற்கு முன்பே திட்டமிட்டு நிறுத்த வேண்டியிருக்கும்.

மறுதாக்கம் வந்தால் யாரை, எந்த எண்ணில் அழைப்பது என்று கேட்காமல் வெளியே வராதீர்கள்.

பல சிறப்புப் பிரிவுகள் ஆய்வு மையங்களாகவும் இயங்குவதால், சிகிச்சையின் நடுவே ஆய்வுக்கான அழைப்பும் வரலாம். அழைப்புகள் எல்லாம் ஒரே எடையுள்ளவை அல்ல. உங்கள் பரிசோதனை விவரங்களைப் பதிவேட்டில் சேர்க்கச் சம்மதிப்பது எளிய பங்களிப்பு. 2004-இல் தொடங்கிய எம்.எஸ்.பேஸ் போன்ற பன்னாட்டுப் பதிவேடுகள் இப்படித்தான் வளர்ந்தன. இரத்த மாதிரியைச் சேமித்து வைக்கக் கொடுப்பது இன்னொன்று. அமெரிக்க இராணுவத்தினரிடம் வழக்கமாக எடுத்துச் சேமிக்கப்பட்ட இரத்தத்தை ஆராய்ந்துதான், எப்ஸ்டீன்-பார் வைரஸ் தொற்றியவர்களுக்கு எம்.எஸ். வரும் வாய்ப்பு சுமார் 32 மடங்கு கூடுவதை 2022-இல் வெளியிட்டார்கள். அந்த வைரஸ் ஏறக்குறைய எல்லோருக்கும் தொற்றுகிறது, மிகச் சிலருக்கே எம்.எஸ். வருகிறது, ஆயினும் நோய் தோன்றுமுன் எடுத்த மாதிரிகள் இல்லாவிட்டால் எது முந்தியது என்றே அறிந்திருக்க முடியாது.

மருந்துச் சோதனையில் சேர்வதோ பெரிய முடிவு. அதன் நோக்கம் எதிர்கால நோயாளிகளுக்கான விடையைக் கண்டறிவது. உங்களுக்கு நன்மை கிடைக்கலாம், கிடைக்காமலும் போகலாம். ஒப்புதல் படிவத்தை வீட்டுக்கு எடுத்துச் சென்று, நெருங்கிய ஒருவரோடு சேர்ந்து படியுங்கள். புதிய மருந்து எதனோடு ஒப்பிடப்படுகிறது, நடைமுறையிலுள்ள மருந்தோடா அல்லது பிளசிபோ எனப்படும் மருந்தற்ற மாத்திரையோடா என்பது முதல் கேள்வி. இப்போதைய மருந்தை நிறுத்த வேண்டுமா, நிறுத்தினால் எத்தனை வாரம் பாதுகாப்பின்றி இருப்பேன், நடுவில் மறுதாக்கம் வந்தால் என்ன செய்வீர்கள், சோதனை முடிந்தபின் அதே மருந்து தொடர்ந்து கிடைக்குமா, பயணச் செலவை யார் ஏற்பார்கள் என்பவை அடுத்தவை. உங்களுக்குச் சிகிச்சை அளிப்பவரே ஆய்வாளராகவும் இருந்தால், மறுக்கத் தயக்கம் வருவது இயல்பு. அப்போது ஆய்வில் தொடர்பில்லாத வேறொரு மருத்துவரிடம் கருத்துக் கேட்பதில் தவறில்லை. காரணம் சொல்லாமல் எந்த நேரத்திலும் விலகலாம். விலகியதால் வழக்கமான சிகிச்சை குறையக் கூடாது.

சேர்ந்த பின் ஒரு விதி விசித்திரமாகத் தோன்றும். பல சோதனைகளில் சிகிச்சை அளிக்கும் மருத்துவர் ஒருவர், இ.டி.எஸ்.எஸ். மதிப்பெண் போடுபவர் வேறொருவர். இரண்டாமவரிடம் பக்க விளைவுகளைப் பற்றிப் பேசாதீர்கள், ஊசி போட்ட இடத்தை மூடி வையுங்கள் என்பார்கள். அலட்சியத்தால் அல்ல, நீங்கள் எந்த மருந்தில் இருக்கிறீர்கள் என்று அவர் ஊகித்துவிட்டால் அவருடைய மதிப்பெண் அறியாமலே சாய்ந்துவிடும். உடல்நலக் குறைகளை முதலாமவரிடம் தயங்காமல் சொல்லலாம்.

ஆய்வு என்ற பெயரில் ஸ்டெம் செல் சிகிச்சைக்குப் பெருந்தொகை கேட்பவர்களிடம் மட்டும் எச்சரிக்கை தேவை. தேர்ந்தெடுக்கப்பட்ட நோயாளிகளுக்கு இரத்த ஸ்டெம் செல் மாற்றுச் சிகிச்சையைத் தகுதிபெற்ற மையங்கள் செய்கின்றன என்பது உண்மை. ஆனால் முறையான சோதனைகளில் சோதனை மருந்துக்காக நோயாளியிடம் கட்டணம் வாங்குவது வழக்கமில்லை.

வீடு திரும்பிய பின், சந்திப்பைப் பற்றிச் சிறப்புப் பிரிவு எழுதும் கடிதத்தின் நகலைக் கேட்டு வாங்கி, அதிலுள்ள மறுதாக்கத் தேதிகளையும் மருந்துகளின் பெயர்களையும் உங்கள் காலவரிசையோடு ஒப்பிடுங்கள். இடது கை வலது கையாக மாறியிருக்கும், ஆண்டு ஒன்று தவறியிருக்கும். அடுத்து வரும் எல்லா மருத்துவர்களும் அந்தக் கடிதத்தையே படிக்கப் போவதால், பிழையை எழுத்து மூலமாகத் தெரிவித்து, திருத்திய பிரதியைப் பெற்றுக் கோப்பில் முதல் தாளாக வையுங்கள்.