தார் எஸ் சலாமில் நண்பர் அழைத்தால்: ஒரு மாலைக்கான வழிகாட்டி

தார் எஸ் சலாமுக்கு வேலைக்கு வரும் நம்மவர்கள் பலர், மாலையானால் மசாகிப் பக்கத்து உணவகங்களில் வெளிநாட்டுக்காரர்களோடு அமர்ந்துவிட்டு வீடு திரும்புகிறார்கள். ஊர் அவர்களுக்குத் தெரியாமலே போய்விடுகிறது. உடன் வேலை செய்யும் தான்சானிய நண்பர் வெளியே போகலாம் என்று அழைத்தால் உடனே ஒப்புக்கொள்ளுங்கள். இடத்தை அவரே முடிவு செய்யட்டும். அன்று நீங்கள் விருந்தாளி. அதற்குரிய பணிவோடு போங்கள்.

முதலில் நேரத்தைத் தெளிவாகப் பேசிக்கொள்ள வேண்டும். இந்த ஊர் மொழியான சுவாஹிலியில் மணிக்கணக்கு விடியலில் தொடங்குகிறது. நம் ஜோதிடர்கள் உதயாதி நாழிகை எண்ணுவதைப் போலத்தான். காலை ஏழு மணி அவர்களுக்கு ஒரு மணி. மாலை ஐந்து என்பது பதினொன்று. நண்பர் எந்தக் கணக்கில் சொல்கிறார் என்று கேட்டுவிடுங்கள். என்னைக் கேட்டால் ஐந்து மணியே நல்ல நேரம். இங்கே ஆண்டு முழுவதும் ஆறுக்கும் ஏழுக்கும் இடையில் சூரியன் மறைந்துவிடும்; அந்தி நீளாது, சட்டென்று இருட்டும். அலி ஹசன் முவினி சாலையில் மாலை நெரிசல் கடுமையானது என்பதால் சீக்கிரமே புறப்படுங்கள். பஜாஜி எனப்படும் ஆட்டோவில் போவதானால் ஏறுவதற்கு முன்பே வாடகையைப் பேசிவிட வேண்டும். பேச்சை நண்பரிடமே விட்டுவிடுங்கள்.

இந்த ஊரில் வணக்கம் சொல்வதில் அவசரம் கூடாது. வயதில் பெரியவரைக் கண்டால் "ஷிகாமூ" என்று சொல்லுங்கள். அவர் "மரஹபா" என்பார். சம வயதினர் "மாம்போ" என்றால் "போவா" என்று பதில் சொன்னால் போதும். அதோடு முடிந்துவிடாது. வீடு எப்படி, வேலை எப்படி, பிள்ளைகள் எப்படி என்று விசாரிப்பு நீளும். நண்பர் வழியில் யாரையாவது கண்டு நின்றுவிட்டால் கடிகாரத்தைப் பார்க்காதீர்கள். நீங்களும் கைகொடுத்து விசாரியுங்கள். சிலர் பேசி முடிக்கும்வரை உங்கள் கையை விடமாட்டார்கள். அது அன்பு, கூச்சப்பட ஒன்றுமில்லை. அந்தச் சில நிமிடங்களில் நண்பரின் உலகத்துக்குள் நீங்கள் சேர்த்துக்கொள்ளப்படுகிறீர்கள். எனக்கு அந்த மாலையின் மிக முக்கியமான பகுதி இதுதான்.

பெரும்பாலும் உங்களை ஆய்ஸ்டர் பே பகுதியிலுள்ள கோகோ பீச்சுக்கு அழைத்துப் போவார்கள். கிழக்குப் பார்த்த கடற்கரை. சூரியன் முதுகுப்பக்கம்தான் மறையும். வார இறுதியில் குடும்பம் குடும்பமாகக் கூட்டம் நிறைந்திருக்கும். அங்கே முதலில் மிஹோகோ வாங்குங்கள். எண்ணெயில் பொரித்த மரவள்ளிக்கிழங்கைக் கீறி, மிளகாயும் உப்பும் சேர்த்துத் தருவார்கள். சூடு ஆறுவதற்குள் சாப்பிட வேண்டும். அசைவம் உண்பவர்கள் கரியில் வாட்டிய மிஷ்காகி இறைச்சித் துண்டுகளைக் கேட்கலாம். குடிப்பதற்கு மடாஃபு எனப்படும் இளநீர்.

பிறகு உட்கார்ந்து சாப்பிடும் கடைக்குப் போனால், உணவுக்கு முன் குடத்திலிருந்து உங்கள் கையில் வெந்நீர் ஊற்றுவார்கள். கையை நீட்டுங்கள், சோப்புப் போட்டுக் கழுவுங்கள், வலக்கையால் சாப்பிடுங்கள். இதெல்லாம் நமக்குப் பழக்கம்தான். உகாலி என்னும் மக்காச்சோள மாவுக் களியைச் சிறிதாகப் பிட்டு உருட்டி, கட்டைவிரலால் குழி செய்து, குழம்பைத் தொட்டு உண்ண வேண்டும். சைவர்கள் பட்டினி கிடக்கத் தேவையில்லை. தேங்காய்ப்பாலில் வேகவைத்த பீன்ஸ், ம்சிச்சா என்னும் கீரை, தேங்காய்ச் சோறு ஆகியவை பல இடங்களில் கிடைக்கும். குழம்பில் இறைச்சிச் சாறு கலந்திருக்கிறதா என்று மட்டும் கேட்டுவிடுங்கள். பீர் கேட்டால் குளிர்ந்ததா, குளிராததா என்று கேட்பார்கள். நண்பர் முஸ்லிமாக இருந்தால் அவர் எதிரில் குடிக்கலாமா என்பதை முதலிலேயே அறிந்துகொள்வது மரியாதை. ரமலான் மாதமென்றால் நோன்பு திறந்த பிறகு சந்தியுங்கள்.

அழைத்தவர் பணம் கொடுப்பார். ரசீதைப் பிடுங்கிச் சண்டை போடாதீர்கள். அது அவரைச் சிறுமைப்படுத்தும். அதற்குப் பதிலாகக் காப்பி உங்கள் கணக்கில் இருக்கட்டும். தெருவோரக் கரியடுப்பில் கெட்டிலை வைத்துச் சிறு கோப்பைகளில் கடுங்காப்பி விற்பவர்களைப் பழைய நகரப் பகுதிகளில் காணலாம். கூடவே கஷாட்டா வாங்குங்கள். வேர்க்கடலையோ தேங்காயோ சர்க்கரைப் பாகில் சேர்த்துச் செய்தது. அங்கே பெஞ்சில் அமர்ந்திருக்கும் ஆண்கள் கால்பந்தில் தொடங்கி அரசியல்வரை பேசுவார்கள். சிம்பா அணியா, யாங்கா அணியா என்று கேட்டால், நண்பரின் அணி எதுவோ அதைச் சொல்லுங்கள்.

10,000 ஷில்லிங்தான் மிகப் பெரிய நோட்டு. சிறு கடைகளில் அதற்குச் சில்லறை இருக்காது. 1,000, 2,000 நோட்டுகளை வைத்திருங்கள். துறைமுகம், அதிபர் மாளிகை, ராணுவத்தினர் ஆகியவற்றைப் படம் எடுக்காதீர்கள். இருட்டிய பின் கடற்கரையில் தனியே நடக்க வேண்டாம். சாலையோரம் செல்பேசியைக் கையில் நீட்டிக்கொண்டு நிற்காதீர்கள். மோட்டார் சைக்கிளில் வந்து பறித்துப் போகிறவர்கள் உண்டு.

திரும்பும்போது நண்பர் வண்டிவரை வந்து ஏற்றிவிடுவார். வேண்டாம் என்று மறுக்காதீர்கள். வீட்டுக்கு வந்ததும் "நிமேஃபிகா சலாமா" என்று, நலமாக வந்து சேர்ந்த செய்தியை அவருக்கு அனுப்பிவிடுங்கள். அது வரும்வரை அவர் தூங்கமாட்டார். அடுத்த முறை அழைப்பது உங்கள் பொறுப்பு. உங்கள் வீட்டுக்கு, அவருடைய மனைவி மக்களோடு.