கட்டுநாயக்கவில் 10 மணி நேரம்: நீர்கொழும்புக்குப் போய்வருவது எப்படி?

சென்னை, திருச்சி, மதுரையிலிருந்து கொழும்பு வழியாக வெளிநாடு போகிறவர்களுக்கு நடுவில் எட்டு, பத்து மணி நேரம் காத்திருப்பு விழுவது சாதாரணம். பலரும் அதை விமான நிலைய நாற்காலியிலேயே கழித்துவிடுகிறார்கள். கொஞ்சம் துணிந்தவர்கள் கொழும்புக்குக் கிளம்புகிறார்கள். முதல்முறை போகிறவர்களுக்கு நான் சொல்வது நீர்கொழும்புதான். விமான நிலையம் இருக்கும் கட்டுநாயக்கவிலிருந்து கொழும்பு 30 கிலோமீட்டருக்கும் மேல். விரைவுச்சாலையில் சீக்கிரம் போய்விடலாம், ஆனால் நகருக்குள் நுழைந்ததும் நெரிசல் நேரத்தைத் தின்றுவிடும். நீர்கொழும்பு எதிர்த் திசையில், சுமார் 10 கிலோமீட்டர். சின்ன ஊர், அரை நாளில் நிதானமாகப் பார்க்கலாம்.

படி 1: பின்னாலிருந்து கணக்குப் போடுங்கள்

காலை 7 மணிக்கு இறங்குகிறீர்கள், அடுத்த விமானம் மாலை 5 மணிக்கு என்று வைத்துக்கொள்வோம். மூன்று மணி நேரம் முன்பே, அதாவது 2 மணிக்கு, விமான நிலையத்தில் இருக்க வேண்டும். கட்டடத்துக்குள் நுழையும்போதே ஒரு சோதனை இருக்கும், அங்கே வரிசை நீளலாம். ஆகவே ஊரிலிருந்து ஒன்றே கால் மணிக்குக் கிளம்ப வேண்டும். இந்தப் பக்கம், குடிவரவு (இமிக்ரேஷன்) முடித்து வெளியே வர ஒரு மணி நேரம், ஊருக்குப் போக அரை மணி நேரத்துக்கு மேல். ஆக, கையில் மிஞ்சுவது சுமார் நாலரை மணி நேரம்தான். இடைவெளி ஏழு மணி நேரத்துக்குக் கீழே என்றால் வெளியே போகவே வேண்டாம். இலங்கை நேரமும் இந்திய நேரமும் ஒன்றே என்பதால் கடிகாரத்தை மாற்றும் வேலை இல்லை.

படி 2: கிளம்பும் முன்பே விசா

இலங்கைக்கு இணையவழி அனுமதி வாங்க வேண்டும், இ.டி.ஏ. என்பார்கள். இடைவழிப் பயணிகளுக்கென்று தனிப் பிரிவு உண்டு. கட்டணமும் விதியும் மாறிக்கொண்டே வந்திருப்பதால், பயணத்துக்கு ஒரு வாரம் முன்பு இலங்கை அரசின் அதிகாரபூர்வத் தளத்தில் பார்த்து விண்ணப்பியுங்கள். அதே மாதிரி தோற்றமளிக்கும் தனியார் தளங்கள் கூடுதல் பணம் கறக்கும், முகவரி கவனம்.

இரண்டு விமானமும் ஒரே டிக்கெட்டில் இருந்தால், பெரிய பெட்டியைக் கடைசி ஊர் வரை போட்டுவிடச் சொல்லி, அடுத்த போர்டிங் பாஸையும் ஊரிலேயே கேட்டு வாங்கிவிடுங்கள். தனித்தனி டிக்கெட் என்றால் பெட்டியை நீங்களே எடுத்து மறுபடி போட வேண்டும். இழுத்துக்கொண்டு ஊர் சுற்றுவது கஷ்டம். அப்போது பெட்டியை வைத்துவிட்டுப் போக இடம் கிடைக்கிறதா என்று முதலில் விசாரியுங்கள்.

படி 3: பணமும் வண்டியும்

வெளியே வரும் கூடத்திலேயே நாணய மாற்றுக் கவுன்டர், ஏ.டி.எம்., சிம் கார்டு எல்லாம் உண்டு. ஒரு அரை நாளுக்கு வேண்டியதை மட்டும் மாற்றுங்கள். பிக்மீ, ஊபர் இரண்டு வாடகை வண்டிச் செயலிகளும் இங்கே ஓடுகின்றன. ஆட்டோவில் ஏறினால் ஏறும் முன்பே விலை பேசிவிடுங்கள். திரும்பிவர வண்டி உறுதியாக வேண்டும் என்றால், போன ஓட்டுநரிடமே நேரம் சொல்லி வைப்பது நல்ல வழி.

படி 4: முதலில் மீன் சந்தை

ஊருக்குள் போனதும் நேராக மீன் சந்தைக்குப் போங்கள். ‘லெல்லம’ என்றால் எந்த ஓட்டுநருக்கும் தெரியும். விடியலில்தான் உச்சம், ஆனால் நேரம் தாண்டிப் போனாலும் பக்கத்துக் கடற்கரையில் கருவாடு போடும் வேலையைப் பார்க்கலாம். மீனைப் பிளந்து, கழுவி, உப்பில் ஊறவைத்து, கயிற்றுப் பாய்களில் வரிசையாகப் பரப்பிக் காயவைக்கிறார்கள். பெண்கள் வெயிலில் குனிந்து ஒவ்வொன்றாகத் திருப்பிப் போடுவதைப் பார்க்கும்போது இந்த ஊர் எதில் நிற்கிறது என்பது தெரியும். படம் எடுக்கும் முன் ஒரு வார்த்தை கேளுங்கள்.

அங்கே தமிழிலேயே பேசிப் பாருங்கள். மீனவக் குடும்பங்களில், முக்கியமாக வயதானவர்களிடம், சிங்களத்தோடு தமிழும் புழங்குகிறது. நீர்கொழும்புத் தமிழ் என்று மொழியியலாளர்கள் தனியாகவே அதை ஆராய்ந்திருக்கிறார்கள். நான், நீ, அவர்கள் என்று யார் செய்தாலும் வினைச்சொல் முடிவு மாறாமல் நிற்கும், அது சிங்களப் பேச்சோடு சேர்ந்து வாழ்ந்ததன் விளைவு. “ஐயா, இது என்ன மீன்?” என்று கேட்டு, வரும் பதிலைக் காது கொடுத்துக் கேளுங்கள். இந்தப் பயணத்தில் நான் மிக உயர்வாக வைப்பது இதைத்தான்.

ஒரு எச்சரிக்கை: ஞாயிற்றுக்கிழமை சந்தை இல்லை. கத்தோலிக்கர் நிறைந்த ஊர், அன்று கடலுக்குப் போவதில்லை. அப்படி நாள் அமைந்தால் காலை நேரத்தை தேவாலயங்களுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

படி 5: நடந்தே பார்க்கும் வட்டம்

சந்தைக்குப் பக்கத்திலேயே டச்சுக் கோட்டையின் வாசல் நிற்கிறது, அதில் 1678 என்று பொறித்திருக்கும். உள்ளே சிறைச்சாலை, அதனால் வாசலோடு சரி. அங்கிருந்து கால்வாய் பக்கம் போகலாம். டச்சுக்காரர் பெயரில் அழைத்தாலும், கொழும்பையும் புத்தளத்தையும் இணைக்கும் இந்த நீர்வழியில் 1802 வாக்கில் ஆங்கிலேயர் வெட்டிய ஹாமில்டன் கால்வாயும் சேர்ந்தது. புனித மரியாள் ஆலயத்தின் கூரை ஓவியங்களை அண்ணாந்து பார்க்க ஐந்து நிமிடம் ஒதுக்குங்கள். கடற்கரைத் தெருவில் இந்துக் கோயில்களும் உண்டு.

கட்டுவப்பிட்டிய புனித செபஸ்தியார் ஆலயம் 2019 ஏப்ரல் 21 ஈஸ்டர் தாக்குதலில் நூற்றுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்த இடம். போவதென்றால் அஞ்சலி செலுத்தப் போங்கள், செல்ஃபி வேண்டாம். எல்லா வழிபாட்டிடங்களுக்கும் தோளும் முழங்காலும் மூடிய உடை போதும்.

படி 6: சாப்பாடு

12 மணிக்குச் சாப்பிட்டுவிடுங்கள். சோறும் பல கறிகளும் சேர்ந்த மதியச் சாப்பாடு சின்னக் கடைகளில் விலை குறைவு, ருசி அதிகம். கையில் கூடுதல் பணம் இருந்தால் களப்பு (காயல்) நண்டு. அதைச் சமைத்துத் தர நேரமாகும் என்பதால், நடக்கத் தொடங்கும் முன்பே சொல்லிவிட்டுப் போங்கள். பௌர்ணமி நாளில், அதாவது போயா தினத்தில், இறைச்சியும் மதுவும் விற்பதில்லை, சில கடைகள் மூடியிருக்கும்.

மே முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்றில் கடல் கொந்தளிக்கும். அந்த மாதங்களில் குளிக்க இறங்காதீர்கள்.

படி 7: திரும்புதல்

ஒன்றே கால் என்றால் ஒன்றே காலுக்கே வண்டியில் ஏறுங்கள். கருவாடு வாங்க ஆசை வந்தால், அடுத்து எங்கே இறங்குகிறீர்கள் என்று யோசியுங்கள். ஆஸ்திரேலியா போகிறவர்கள் உணவுப் பொருள் எதுவானாலும் வருகைப் படிவத்தில் அறிவித்தே ஆக வேண்டும், மறைத்தால் அபராதம் உண்டு. ஊர் திரும்புகிறவர்கள் நன்றாகக் காய்ந்ததாகப் பார்த்து வாங்கி, இரண்டு மூன்று பிளாஸ்டிக் பைகளில் இறுகக் கட்டச் சொல்லுங்கள், கடைக்காரர்களுக்கு இது பழக்கம்தான்.