ஃபைலுக்குப் புது வால் முளைத்தால், பிரவுசர் சொன்ன பேச்சைக் கேட்காவிட்டால்: வீட்டுக் கணினியைச் சுத்தம் செய்யும் முறை

'வைரஸ் வந்துடுச்சு' என்று எல்லோரும் சொல்லிவிடுகிறோம். அந்த ஒரு வார்த்தைக்குள் மூன்று வேறு நோய்கள் இருக்கின்றன. ஒன்றுக்கான மருந்தை இன்னொன்றுக்குக் கொடுத்தால் இருப்பதும் போய்விடும். அதனால் முதலில் வந்திருப்பது எது என்று பாருங்கள்.

திரை முழுக்கச் சிவப்பு எச்சரிக்கை, பீப் சத்தம், 'உடனே இந்த எண்ணுக்கு அழையுங்கள்' என்று ஒரு ஃபோன் நம்பர். இது வெறும் வெப் பக்கம், கணினிக்குள் எதுவும் நுழைந்திருக்காது. எஸ்கேப் பட்டனைச் சில நொடிகள் அழுத்திப் பிடியுங்கள். மசியாவிட்டால் கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தி டாஸ்க் மேனேஜரில் பிரவுசரை மூடுங்கள். மறுபடி திறக்கும்போது 'பழைய பக்கங்களை மீட்கவா' என்று கேட்டால் வேண்டாம் என்று சொல்லுங்கள். வேலை முடிந்தது.

கூகுளில் தேடினால் வேறு ஏதோ தேடுதளத்துக்குப் போகிறது, ஹோம்பேஜ் தானாக மாறுகிறது, மாற்றி வைத்தாலும் மறுநாள் பழையபடி நிற்கிறது என்றால் அது பிரவுசர் ஹைஜாக்கர். எரிச்சல் மிகுந்தது, ஆனால் உங்கள் ஃபைல்கள் பத்திரமாகத்தான் இருக்கின்றன.

படமும் டாக்குமெண்டும் திறக்கவில்லை, ஒவ்வொரு ஃபைலின் பெயருக்குப் பின்னாலும் புதிதாக ஒரு வால் ஒட்டியிருக்கிறது, ஃபோல்டர்தோறும் பணம் கேட்டு ஒரு கடிதம் கிடக்கிறது என்றால் அது ரான்சம்வேர். இங்கேதான் நிதானம் வேண்டும்.

ரான்சம்வேர்: எதையும் அழிக்காமல் ஆரம்பியுங்கள்

பெரிய நிறுவனங்களைக் குறிவைக்கும் கும்பல்களை விடுங்கள். வீட்டுக் கணினிகளை அதிகம் பதம் பார்த்தது ஸ்டாப் அல்லது டிஜேவு என்று அழைக்கப்படும் குடும்பம். 2018 முதல் நூற்றுக்கணக்கான உருவங்களில் வந்திருக்கிறது. பெரும்பாலும் கிராக் செய்த மென்பொருள், விண்டோஸ் ஆக்டிவேட்டர் (லைசென்ஸ் வாங்காமல் விண்டோஸை இயக்கும் கருவி) இவற்றோடு ஒட்டிக்கொண்டு வரும். 'இன்ஸ்டால் செய்யும் முன் ஆன்டிவைரஸை அணைத்துவிடுங்கள்' என்று எழுதியிருந்தாலோ, பாஸ்வேர்டு போட்ட ஜிப் ஃபைலாகக் கொடுத்தாலோ காரணம் இதுதான்: பூட்டிய ஜிப்புக்குள் ஸ்கேனர் எட்டிப் பார்க்க முடியாது.

இந்தக் குடும்பத்தை அடையாளம் காண்பது சுலபம். 'கல்யாணம்.ஜேபிஜி' என்று இருந்த படத்தின் கடைசியில், பெரும்பாலும் நான்கு எழுத்தில், அர்த்தமில்லாத ஒரு வால் சேர்ந்திருக்கும். கடிதத்தின் பெயர் 'ரீட்மி', முன்னால் ஓர் அடிக்கோடு. 980 டாலர் கேட்பார்கள், 72 மணி நேரத்துக்குள் தொடர்புகொண்டால் பாதி விலை, 490 என்பார்கள். பிந்தைய சிலவற்றில் இது 999, 499 ஆனது. உள்ளே பூட்டு வேலை நடக்கும்போது வெளியே 'விண்டோஸ் அப்டேட் ஆகிறது' என்று போலி ஜன்னல் ஒன்று ஓடும். வேறு குடும்பமாக இருக்கலாம் என்று தோன்றினால், கடிதத்தையும் பூட்டிய ஃபைல் ஒன்றையும் ஐடி ரான்சம்வேர் தளத்திலோ, நோ மோர் ரான்சம் தளத்தின் கிரிப்டோ ஷெரிஃப் பக்கத்திலோ கொடுத்துப் பாருங்கள். நோ மோர் ரான்சம் என்பது 2016ல் நெதர்லாந்து போலீசும் யூரோபோலும் பாதுகாப்பு நிறுவனங்களும் சேர்ந்து தொடங்கியது. அங்கே கிடைக்கும் திறப்புக் கருவிகளுக்குக் காசு கிடையாது.

இனி வேலை. வரிசை மாறக் கூடாது.

1. வைஃபையை அணையுங்கள், கேபிளைப் பிடுங்குங்கள். பென் டிரைவ், வெளி ஹார்ட் டிஸ்க் எல்லாவற்றையும் கழற்றுங்கள். ஃபைல்களுக்கு இன்னும் வால் முளைத்துக்கொண்டே இருந்தால் யோசிக்காமல் பவர் பட்டனை அழுத்திப் பிடித்து அணைத்துவிடுங்கள்.

2. ஃபோனிலிருந்து பாஸ்வேர்டுகளை மாற்றுங்கள். இதைப் பலர் கடைசிக்குத் தள்ளுகிறார்கள், அது தவறு. டிஜேவு தனியாக வருவதில்லை. அசோரல்ட், விடார் போன்ற தகவல் திருடிகளையும் கூட்டிக்கொண்டு வந்த கதை நிறைய. பிரவுசரில் சேமித்த பாஸ்வேர்டும், நீங்கள் லாகின் செய்திருப்பதை நினைவில் வைக்கும் குக்கீயும் ஏற்கெனவே போயிருக்கலாம். ஈமெயில் முதலில், வங்கி அடுத்து. பாஸ்வேர்டை மாற்றினால் மட்டும் போதாது, 'எல்லாச் சாதனங்களிலிருந்தும் வெளியேறு' என்பதையும் கொடுங்கள். திருடிய குக்கீ அப்போதுதான் செல்லாக்காசாகும். இந்தியாவில் கணக்கிலிருந்து பணம் போயிருந்தால் உடனே சைபர் குற்ற உதவி எண் 1930க்கு அழையுங்கள்.

3. மிரட்டல் கடிதம் ஒன்று, பூட்டிய ஃபைல்கள் நாலைந்து, சி டிரைவில் 'சிஸ்டம் ஐடி' என்ற ஃபோல்டர். இவற்றை ஒரு காலி பென் டிரைவில் எடுத்து வையுங்கள். அவசரப்பட்டு ஃபார்மேட் போட்டவர்கள் இந்த ஐடியோடு மீட்கும் வழியையும் சேர்த்துத் தொலைத்துவிடுகிறார்கள்.

4. இப்போது சுத்தம். விண்டோஸ் செக்யூரிட்டிக்குள் வைரஸ் பாதுகாப்பு, ஸ்கேன் ஆப்ஷன்ஸ், அங்கே டிஃபெண்டர் ஆஃப்லைன் ஸ்கேன். கணினி ரீஸ்டார்ட் ஆகி, விண்டோஸ் எழுவதற்கு முன்பே தேடும். கால் மணி நேரம் ஆகலாம். அது முடிந்ததும் எம்சிசாஃப்ட் எமர்ஜென்சி கிட் அல்லது மால்வேர்பைட்ஸ், இந்த இரண்டு ஸ்கேனர்களில் ஒன்று. என் ஓட்டு முன்னதுக்கு, இன்ஸ்டால் தேவையில்லை. அதை வேறு கணினியில் இறக்கிப் பென் டிரைவில் கொண்டுவாருங்கள். ரெஜிஸ்ட்ரி (விண்டோஸ் தன் அமைப்புகளைச் சேமிக்கும் இடம்) கிளீனர், 'பிசி ஸ்பீட் அப்' வகையறா எதையும் கிட்டே சேர்க்காதீர்கள்.

ஸ்கேன் முடிந்தாலும், குறித்த நேரத்தில் நிரல்களைத் தானாக ஓட்டும் விண்டோஸ் கருவியான டாஸ்க் ஷெட்யூலரை ஒருமுறை திறந்து பாருங்கள். 'டைம் ட்ரிகர் டாஸ்க்' என்ற பெயரில் ஒன்று இருந்தால் அழியுங்கள். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை இதே பூட்டு நிரலை எழுப்பிவிடுவது அதன் வேலை. சுத்தமாகிவிட்டது என்று நம்பி பேக்கப் ஹார்ட் டிஸ்க்கைச் செருகியவர்களுக்கு அந்த பேக்கப்பும் பூட்டிக்கொள்வது இதனால்தான்.

ஆன்டிவைரஸ் தளம் எதுவுமே திறக்காவிட்டால்

நெட் இருக்கிறது, யூடியூப் ஓடுகிறது, ஆனால் பாதுகாப்புத் தளங்கள் மட்டும் வர மறுக்கின்றன. எந்தத் தளத்தின் பெயர் எந்த முகவரிக்குப் போக வேண்டும் என்று கணினி பார்க்கும் ஹோஸ்ட்ஸ் ஃபைலில் டிஜேவு கைவைத்திருக்கிறது. நுழைவது எளிது, சேமிப்பதில்தான் எல்லோரும் மாட்டுகிறார்கள்.

ஸ்டார்ட்டில் நோட்பேட் என்று தேடி, ரைட் கிளிக் செய்து, 'ரன் ஆஸ் அட்மினிஸ்ட்ரேட்டர்' கொடுத்துத் திறவுங்கள். சாதாரணமாகத் திறந்தால் கடைசியில் சேமிக்க விடாது. பிறகு ஃபைல், ஓபன் வழியாக சி டிரைவ், விண்டோஸ், சிஸ்டம் 32, டிரைவர்ஸ், ஈடிசி என்று உள்ளே போங்கள். ஃபோல்டர் காலியாகத் தெரியும். பயப்பட வேண்டாம், கீழே 'டெக்ஸ்ட் டாக்குமெண்ட்ஸ்' என்று இருப்பதை 'ஆல் ஃபைல்ஸ்' என்று மாற்றினால் ஹோஸ்ட்ஸ் கண்ணில் படும். விண்டோஸோடு வரும் ஹோஸ்ட்ஸில் எல்லா வரியும் ஹேஷ் குறியில்தான் தொடங்கும். 127.0.0.1 என்று தொடங்கி, பின்னால் பாதுகாப்புத் தளங்களின் பெயர் வரும் வரிகளை மட்டும் நீக்கிவிட்டு கண்ட்ரோல் எஸ்.

'சேவ் ஆஸ்' கொடுத்தீர்களானால் நோட்பேட் பின்னால் டிஎக்ஸ்டி என்று ஒட்டி, பக்கத்திலேயே இன்னொரு ஃபைலை உருவாக்கிவிடும். பழையது அப்படியே இருக்கும், நீங்கள் திருத்திவிட்டதாக நினைத்துக்கொண்டிருப்பீர்கள். எக்ஸ்ப்ளோரரில் வியூ மெனுவுக்குப் போய் ஃபைல் நேம் எக்ஸ்டென்ஷன்ஸை இயக்கினால் இந்தக் குழப்பம் வராது.

ஃபைல்கள் திரும்ப வருமா?

வைரஸை அழித்தால் ஃபைல் திறந்துவிடாது. திருடனைப் பிடித்தாலும் சாவி அவன் வீட்டில்தானே இருக்கிறது! வாலை ரீநேம் செய்து எடுப்பதாலும் பூட்டு கழலாது.

கடிதத்தின் அடியில் இருக்கும் பர்சனல் ஐடியைப் பாருங்கள். டி, ஒன்று என்ற இரண்டு எழுத்தில் முடிகிறதா? அப்படியென்றால் தாக்குதல் நடந்தபோது அந்த நிரலால் தன் சர்வரைத் தொடர்புகொள்ள முடியவில்லை. தனக்குள் வைத்திருந்த பொதுச் சாவியாலேயே பூட்டியிருக்கிறது. அதே உருவத்தில் மாட்டிய எல்லா ஆஃப்லைன் கணினிக்கும் ஒரே சாவி. எம்சிசாஃப்ட் 2019 அக்டோபரில் வெளியிட்ட ஸ்டாப் டிஜேவு டிக்ரிப்டர் என்ற திறப்புக் கருவியில் அந்தச் சாவி சேர்ந்திருந்தால் திறந்துவிடும். இன்னும் சேரவில்லை என்றால் 'பின்னாளில் முடியலாம்' என்ற பொருளில் பதில் வரும். ஃபைல்களைக் காப்பி எடுத்து வைத்துக் காத்திருங்கள்.

வேறு எழுத்துகளில் முடிந்தால் அது ஆன்லைன் ஐடி, உங்களுக்கென்றே தனிச் சாவி. 2019 ஆகஸ்ட் கடைசிக்குப் பிந்தைய உருவங்களில் இதை உடைக்க வழி கிடையாது. 'நாங்கள் திறந்து தருகிறோம்' என்று காசு கேட்பவர்களும், யூடியூப் வீடியோவுக்குக் கீழே லிங்க் போடுபவர்களும் பொய் சொல்கிறார்கள். 2020 ஜூனில் டிஜேவு டிக்ரிப்டர் என்ற வேடத்திலேயே சோராப் என்ற இன்னொரு ரான்சம்வேர் வந்து, பூட்டிய ஃபைலுக்கு மேலே இரண்டாவது பூட்டும் போட்டது. டிக்ரிப்டரை எம்சிசாஃப்டின் சொந்தத் தளத்திலிருந்தோ நோ மோர் ரான்சமிலிருந்தோ மட்டும் எடுங்கள்.

ஆன்லைன் ஐடிக்காரர்களுக்கும் ஒரு சந்து இருக்கிறது. வேகத்துக்காக டிஜேவு ஒவ்வொரு ஃபைலிலும் முதல் 150 கேபி அளவைத்தான் பூட்டுகிறது. இரண்டு பக்க வேர்டு டாக்குமெண்ட் அதில் முழுசாகப் போய்விடும். 2 ஜிபி கல்யாண வீடியோவுக்குத் தலை மட்டும்தான் போயிருக்கும். டிஸ்க் டியூனரின் மீடியா ரிப்பேர் என்ற இலவசக் கருவி எம்பி4, எம்ஓவி, எம்பி3, டபிள்யூஏவி வகைகளைச் சரிசெய்யும். எம்பி4க்கு, அதே கேமராவில் அதே செட்டிங்கில் எடுத்த நல்ல வீடியோ ஒன்று மாதிரியாக வேண்டும். பழைய ஃபோனைத் தேடி எடுங்கள். பெரிய ஜிப் என்றால், காப்பியில் வாலை நீக்கி 7-ஜிப்பில் திறந்து பாருங்கள். ஜிப்பின் பொருளடக்கம் கடைசியில் இருப்பதால் முதல் ஓரிரு ஃபைல் தவிர மீதி வந்துவிட வாய்ப்பு உண்டு. எந்த முயற்சியும் காப்பியின் மேல்தான், மூலத்தைத் தொடாதீர்கள்.

மீட்க வேண்டியதை மீட்டபின் விண்டோஸைப் புதிதாகப் போட்டுவிடுங்கள். தகவல் திருடி நுழைந்த கணினியில் ஸ்கேனர் 'சுத்தம்' என்று சொல்லிவிட்டது என்பதற்காக வங்கிக் கணக்கைத் திறக்க எனக்கு மனம் வராது.

பிரவுசர் ஹைஜாக்கர்: வேரிலிருந்து மேலே வாருங்கள்

முதலில் ஒரு கேள்வி. அதே வைஃபையில் உங்கள் ஃபோனிலும் பக்கங்கள் தடம் மாறுகின்றனவா? ஆமென்றால் கோளாறு கணினியில் இல்லை, ரௌட்டரின் டிஎன்எஸ் (தளப் பெயரை முகவரியாக மாற்றும் அமைப்பு) மாற்றப்பட்டிருக்கலாம். அதை ரீசெட் செய்து அட்மின் பாஸ்வேர்டை மாற்றுங்கள்.

திரையின் மூலையில் 'உங்கள் கணினியில் 5 வைரஸ்' என்று துள்ளும் அறிவிப்புகள் பெரும்பாலும் ஹைஜாக்கரே இல்லை. ஏதோ தளத்தில் 'அலவ்' அழுத்தியதன் பலன். குரோம் செட்டிங்ஸ், சைட் செட்டிங்ஸ், நோட்டிஃபிகேஷன்ஸ். அடையாளம் தெரியாத தளங்களையெல்லாம் அங்கே நீக்குங்கள்.

அசல் ஹைஜாக்கருக்கு ஆட்வ்கிளீனர் என்ற சுத்தம் செய்யும் கருவி போதும், பத்து நிமிட வேலை. எல்லாப் பிரவுசரையும் மூடிவிட்டு ஓட்டுங்கள். இதிலும் போகாமல், எக்ஸ்டென்ஷனுக்கு (பிரவுசரில் சேர்க்கும் துணை நிரல்) பக்கத்தில் 'ரிமூவ்' பட்டனே இல்லாமல், குரோம் மெனுவின் அடியில் 'உங்கள் நிறுவனத்தால் நிர்வகிக்கப்படுகிறது' என்று வந்தால் கீழே சொல்வது உங்களுக்குத்தான். வீட்டுக் கணினிக்கு ஏது நிறுவனம்? (ஆபீஸ் லேப்டாப் என்றால் இது நியாயமான வரி, கைவைக்காதீர்கள். சில ஆன்டிவைரஸ்களும் இப்படி ஒரு வரியைக் கொண்டுவரும்.)

குரோம்://பாலிசி என்பதை ஆங்கில எழுத்தில் முகவரிப் பட்டையில் அடித்தால், என்ன கட்டளை போடப்பட்டிருக்கிறது என்று தெரியும். 'எக்ஸ்டென்ஷன் இன்ஸ்டால் ஃபோர்ஸ்லிஸ்ட்' என்று ஒன்று இருந்தால் அதிலுள்ள 32 எழுத்து ஐடியைக் குறித்துக்கொள்ளுங்கள். இங்கே பலரும் செய்வது ரெஜிஸ்ட்ரிக்குப் போய் அழித்துவிட்டு, பிரவுசரை ரீசெட் செய்வது. ரீஸ்டார்ட் செய்தால் மறுபடி முளைத்திருக்கும். ரெஜிஸ்ட்ரியில் தெரிவது இலை, விதை வேறு இடத்தில் இருக்கிறது. அதனால் இந்த வரிசையில்:

முதலில் டாஸ்க் ஷெட்யூலர். பவர்ஷெல் என்ற விண்டோஸ் கட்டளைக் கருவியைக் கூப்பிட்டு, பின்னால் புரியாத எழுத்துக் குவியல் நீண்டிருக்கும் டாஸ்க் எதுவானாலும் நீக்குங்கள். 2022ல் பரவிய குரோம்லோடர் இப்படித்தான் உயிரோடு இருந்தது. எக்ஸ்டென்ஷன் பக்கத்தைத் திறக்கப் போனால் செட்டிங்ஸ் பக்கத்துக்குத் தள்ளிவிடும் குணமும் அதற்கு உண்டு.

அடுத்து சி டிரைவ், விண்டோஸ், சிஸ்டம் 32க்குள் மறைந்திருக்கும் 'குரூப் பாலிசி' ஃபோல்டர். உள்ளே 'ரெஜிஸ்ட்ரி.பிஓஎல்' என்ற ஃபைல் இருந்தால், வீட்டுக் கணினியில் அதற்கு வேலையில்லை. அழியுங்கள்.

அதன்பிறகுதான் ரெஜிஸ்ட்ரி எடிட்டர். ஹெச்கீ லோக்கல் மெஷின், ஹெச்கீ கரண்ட் யூசர் இரண்டிலும் சாஃப்ட்வேர், பாலிசீஸ், கூகுள் என்று போய், குரோம் என்ற கீயை எக்ஸ்போர்ட் செய்து வைத்துக்கொண்டு நீக்குங்கள். எட்ஜ் என்றால் பாலிசீஸின் கீழே மைக்ரோசாஃப்ட், எட்ஜ். குறித்து வைத்த 32 எழுத்தைத் தேடிப் பார்த்து மீதியையும் எடுங்கள்.

ரீஸ்டார்ட். இப்போது பிரவுசரை ரீசெட் செய்யலாம். டெஸ்க்டாப்பில் இருக்கும் குரோம் ஷார்ட்கட்டின் பிராப்பர்டீஸில் டார்கெட் வரி 'குரோம்.இஎக்ஸ்இ' என்பதோடும் மேற்கோள் குறியோடும் முடிய வேண்டும். பின்னால் ஒரு தள முகவரி தொங்கினால் வெட்டிவிடுங்கள்.

பலர் கேட்டதால் சேர்க்கிறேன்: எல்லாம் செய்து, குரோமையே அழித்துப் புதிதாகப் போட்டபின்னும் அதே எக்ஸ்டென்ஷன் வருகிறதென்றால் அது உங்கள் கூகுள் கணக்கின் சிங்க் (எல்லாக் கணினியிலும் குரோமை ஒரே மாதிரி வைக்கும் வசதி) வழியாக இறங்குகிறது. எல்லாக் கணினியிலும் சிங்க்கை நிறுத்துங்கள். கணக்கின் குரோம் டேட்டா பக்கத்தில் சேமித்ததை அழியுங்கள் (புக்மார்க்கை முன்பே எக்ஸ்போர்ட் செய்துகொள்ளுங்கள்). சுத்தமான கணினியில் முதலில் சிங்க்கை இயக்கி, மற்றவற்றை ஒவ்வொன்றாகச் சுத்தம் செய்தபின் சேருங்கள்.