கிராமத்துக் காதல் நாவல் பாதியில் நிற்பது ஏன்?

பெங்களூரில் வேலை பார்த்துக்கொண்டு, இரவில் கிராமத்துக் காதல் நாவல் எழுதுகிற தமிழர்களிடம் அடிக்கடி கேட்கிற புலம்பல் ஒன்று உண்டு. முதல் பத்து அத்தியாயம் வேகமாகப் போகும், அப்புறம் ஒரு வரி ஓடாது. கற்பனை வற்றிவிட்டது என்று கதையை மூடிவைத்துவிடுகிறார்கள். பெரும்பாலும் கற்பனைக்கு ஒரு குறையும் இருக்காது. கதை நடக்கிற ஊரைப் பற்றித் தெரிந்ததெல்லாம் அந்தப் பத்து அத்தியாயத்தில் தீர்ந்துபோயிருக்கும்.

ஊருக்குப் பெயர் மட்டும் வைத்துவிட்டு, மற்றதைப் பொதுவாக எழுதுவதில்தான் இது ஆரம்பிக்கிறது. தஞ்சாவூர்ப் பக்கத்துக் கதையில், ஜூன் முதல் வாரத்தில் கதிர் சாய்ந்த வயலோரம் நாயகி நடந்து போவாள். மேட்டூர் அணையை வழக்கமாகத் திறப்பதே ஜூன் 12-இல்தான். ஆற்றுத் தண்ணீரை நம்பியிருக்கிற வயலில் அப்போது கதிருக்கு வழியில்லை. பம்புசெட் வைத்த கோடைப் பயிர் என்றால் சரி, ஆனால் அந்த பம்புசெட் கதையில் இருக்க வேண்டும். தாமிரபரணிப் பாசனத்தில் கணக்கே வேறு: ஜூனில் கார், அக்டோபர் வாக்கில் பிசானம் என்று இரண்டு நெல் போகம். எழுத உட்காரும் முன் உங்கள் ஊரின் பன்னிரண்டு மாத வேலையை ஒரு தாளில் எழுதி வையுங்கள். இருவரும் எப்போது சந்திக்கலாம், எப்போது முடியாது என்பதை அதுவே பாதி முடிவு செய்துவிடும்.

இதைவிட மோசமாகக் கதையைக் கெடுப்பது முறை தவறுவது. மூன்றாம் அத்தியாயத்தில் நாயகன் அவள் அப்பாவை ‘சித்தப்பா’ என்று கூப்பிடுகிறான், ஏழாம் அத்தியாயத்தில் அவளையே காதலிக்கிறான். சித்தப்பா மகள் தங்கை முறை. ஊரில் வளர்ந்த வாசகர் அங்கேயே நிறுத்திவிடுவார். ஒரே வீட்டில் நெல்லை ஆச்சியும், கொங்கு அம்மாயியும், மதுரை அப்பத்தாவும் சேர்ந்து இருப்பதும் இப்படித்தான். யார் யாரை என்ன சொல்லிக் கூப்பிடுவார்கள் என்று முதலிலேயே முடிவு செய்யுங்கள். சாதியையும் மறைக்காதீர்கள். ஊர் எங்கே முடிகிறது, காலனி எங்கே தொடங்குகிறது என்பது அங்கே பிறந்த ஒவ்வொருவருக்கும் தெரியும். காதலுக்கு உண்மையான தடை பல நேரம் அங்கேதான் இருக்கிறது. அதை விட்டுவிட்டால் நடுக்கதைக்குத் தற்செயல் விபத்தும் நினைவிழப்பும்தான் மிஞ்சும்.

நீங்கள் ஊரை விட்டு வந்த வருடத்திலேயே கதையை நிறுத்தாதீர்கள். இன்று அறுவடைக்கு இயந்திரம் வருகிறது. 2021 மே மாதத்திலிருந்து சாதாரண டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணமில்லை. கையில் காசில்லாத பெண் யாரிடமும் கேட்காமல் பக்கத்து டவுனுக்குப் போய்வர முடிகிறது. அவள் யாரைப் பார்க்கலாம், எவ்வளவு தூரம் போகலாம் என்பதெல்லாம் இதனால் மாறியிருக்கிறது.

நாயகன் கட்டாயத் தாலி கட்டுவதும், பிறகு அவள் மனம் மாறுவதும் தயவுசெய்து வேண்டாம். பலவந்தத்தால் பெறப்பட்ட சம்மதத்தோடு நடந்த திருமணத்தை ரத்து செய்யக் கோரலாம் என்று 1955-ஆம் ஆண்டு இந்து திருமணச் சட்டத்தின் 12-ஆம் பிரிவே சொல்கிறது. சட்டம் கிடக்கட்டும். அவள் ‘சரி’ என்று சொல்வதற்காக வாசகர் காத்திருப்பதுதான் காதல் கதையின் உயிர். பலவந்தமாகத் தாலி கட்டிய நிமிஷமே அந்தக் காத்திருப்பு போய்விடுகிறது. அதற்கப்புறம் எழுதக் கை ஓடாததில் ஆச்சரியமே இல்லை.

சரி, பெங்களூரில் இருந்தபடியே ஊரைத் தெரிந்துகொள்வது எப்படி? ஆள் இல்லாமல் இல்லை. கே.ஆர். மார்க்கெட்டில் பூ விற்கிறவர்களிலும் கட்டட வேலைக்கு வந்தவர்களிலும் கிருஷ்ணகிரி, தருமபுரி, திருவண்ணாமலைப் பக்கத்துக்காரர்கள் நிறைய. அவர்கள் கடை ஓய்ந்திருக்கிற நேரம் பார்த்துப் பேச்சுக் கொடுங்கள். அல்சூர் ஏரிப் பக்கம் தமிழ்ச் சங்கத்தில் நூலகம் இருக்கிறது. கேட்கக் கிடைக்கிறவர்கள் எல்லாம் கிருஷ்ணகிரிக்காரர்கள் என்றால், கதையையே அங்கே கொண்டுபோகலாமே! மாங்காய் சீசன், மாங்கூழ் ஆலை வேலை, கேழ்வரகுக் கொல்லை, பூந்தோட்டம் என்று அங்கே கதைக்கு என்ன குறை? எல்லோரும் பொள்ளாச்சிக்கும் தஞ்சாவூருக்குமே போக வேண்டியதில்லை.

பகலெல்லாம் ஆங்கில மெயிலும் கன்னடப் பேச்சுமாக இருந்துவிட்டு, மீட்டிங் முடிந்த கையோடு உரையாடல் எழுத உட்காருவதும் வேண்டாத வேலை. முதலில் ஊரில் இருக்கிற அத்தைக்கோ மதினிக்கோ போன் போட்டுக் கொஞ்ச நேரம் பேசுங்கள். அப்போதும் வரவில்லையென்றால் அத்தியாய வரிசையை விட்டுவிட்டு, நன்றாகத் தெரிந்த காட்சி ஒன்றை எழுதுங்கள். ரேஷன் கடை வரிசை, கோயில் கொடைக்கு முந்தின இரவு, எதுவானாலும் சரி. இணையத்தில் தொடராகப் போடுகிறவர்கள் ஐந்தாறு அத்தியாயம் கையில் சேர்ந்த பிறகு யூடி தேதியை, அதாவது புது அத்தியாயம் போடும் தேதியை, அறிவியுங்கள். அடுத்த யூடி எங்கே என்று வாசகர்கள் கேட்கத் தொடங்கிவிட்டால், ஊரில் நாலு பேரிடம் விசாரித்து எழுத நேரம் கிடைக்காது.